ஒன்பது நாள், 2,600 கிலோமீட்டர், காரில் ஐந்து பேர்: எங்கிருந்து தொடங்குவது?

பின்சீட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் குடும்பத்தோடு காரில் ஒரு நீண்ட பயணம் கிளம்புகிறோம். இதுவரை நாங்கள் ஒரே நாளில் போன அதிகபட்ச தூரம் 240 கிலோமீட்டர்தான். அதற்கே அன்றிரவு ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. இப்போது 2,600.

என் கணவர் எக்ஸெல்லில் ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறார். கிளம்பும் நேரம், சேரும் நேரம், பெட்ரோல் கணக்கு எல்லாம் வண்ணம் பூசிக் கச்சிதமாக இருக்கிறது. முதல் கட்டம் 610 கிலோமீட்டர். மேப் 8 மணி 10 நிமிடம் என்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து இரவு ஏழு மணிக்குக் கிளம்பினால் அதிகாலை 3.10க்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், ஒரு நாள் மிச்சம் என்பது அவர் கணக்கு. சாலை காலியாக இருக்குமாம், பிள்ளைகள் தூங்கிவிடுவார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

காரில் வரப்போகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாமனாருக்கு 71 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எட்டு வயது மகளுக்கு நாலு வளைவு திரும்பினாலே வாந்தி. மூன்று வயது மகன் குழந்தை இருக்கையில் நாற்பது நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டான். ஓட்டுவது கணவர் மட்டும்தான். எனக்கு லைசென்ஸ் உண்டு, கடைவீதியைத் தாண்டி ஓட்டியதில்லை. காருக்கு வயது ஆறு, 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, டயர்கள் வாங்கும்போது வந்தவை. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் மலைப்பாதை.

வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? எதையெல்லாம் எடுத்துப் போகாமல் இருக்கலாம்? (என் பட்டியலில் இப்போது 94 பொருட்கள்.) உங்கள் பதில்களை அவரிடம் காட்டப் போகிறேன். அதனால் கொஞ்சம் காரணத்தோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.


தூரவழியான்:

சகோதரி, அந்த வயிற்றுப் பிசைவை நம்புங்கள். உங்கள் கணவர் போட்டிருக்கும் அதே திட்டத்தை ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் போட்டேன். அதே வெள்ளிக்கிழமை, அதே 'ஒரு நாள் மிச்சம்'.

அதிகாலை மூன்றே முக்கால் இருக்கும். நேரான சாலை, எதிரே ஒரு வண்டி இல்லை. மனைவி, பிள்ளைகள் எல்லோரும் தூக்கம். திடீரென்று காருக்கு அடியில் 'கடகட'வென்று சத்தம். சாலை ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி வைத்திருப்பார்களே, அதன் மேல் சக்கரம் ஏறியிருக்கிறது. அதற்கு முந்தைய சில வினாடிகள் எனக்கு நினைவிலேயே இல்லை. கண் மூடியதாகக்கூடத் தெரியவில்லை. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் போகிறோம். மூன்று வினாடி கண் அசந்தால் 75 மீட்டர், ஓட்டுநர் இல்லாத கார். அடுத்து வெளிச்சம் தெரிந்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, விடியும் வரை இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை, அது வேறு கதை. இன்றுவரை மனைவியிடம் முழுதாகச் சொன்னதில்லை.

உங்கள் கணவருக்குக் கணக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. கணக்கிலேயே பேசுவோம். மேப் சொல்லும் 8 மணி 10 நிமிடம் சக்கரம் உருளும் நேரம் மட்டும்தான். மூன்று வயதுப் பிள்ளையோடு ஒரு முறை நிறுத்தினால் 25 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று மூன்று நிறுத்தம் வையுங்கள். சாப்பாட்டுக்கு முக்கால் மணி, பெட்ரோலுக்குக் கால் மணி. ஆக மொத்தம் பத்தரை மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். நீங்கள் சேர்வது 3.10க்கு அல்ல, ஏறக்குறைய ஐந்தரைக்கு. மேப் நேரத்தை 1.3ஆல் பெருக்குவது என் வழக்கம். பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

அன்று காலை அவர் ஆறு மணிக்கு எழுந்திருந்தால் இரவு பதினொன்றுக்கே 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்த அளவு விழிப்பே ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருக்கும்போது வரும் மந்தத்துக்குச் சமம் என்று 1997ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 24 மணி நேர விழிப்பு என்றால் 0.10 சதவீதத்துக்குச் சமம். ஊர் போய்ச் சேரும்போது அவர் கிட்டத்தட்ட அந்த இடத்தில் இருப்பார். குடித்தவர் ஓட்டும் காரில் பிள்ளைகளை ஏற்றுவோமா? போதாததற்கு, இரவு இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும் நேரம். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அதன் சின்னத் தம்பி.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் பத்து நிமிட வித்தைகள். கொட்டாவி அடுக்கடுக்காக வந்தாலோ, கடைசியாகத் தாண்டிய பெயர்ப்பலகை நினைவில் இல்லை என்றாலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுக்க வேண்டும். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் இரண்டும் சேர்ந்து உதவும். ஆனால் இது அடுத்த தங்குமிடம் வரை தாக்குப்பிடிக்க மட்டும். இரவு முழுக்க ஓட்ட இதை நம்பக் கூடாது.

என் யோசனை: வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒன்பதரைக்குப் படுங்கள். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி அன்றைக்கு 380 கிலோமீட்டரோடு நிறுத்துங்கள். இருட்டுமுன் அறைக்குள் போய்விட வேண்டும். ஒன்பது நாளில் இரண்டு நாள் காரைத் தொடவே கூடாது. மீதி ஏழு நாளுக்கு 2,600ஐப் பிரித்தால் நாளொன்றுக்கு 370 சொச்சம் வருகிறது. மலை நாட்களில் 200 போதும், சமவெளியில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஈடுகட்ட முடியவில்லை என்றால் பட்டியலிலிருந்து ஓர் ஊரை அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஒரு மாதமும் இருக்கிறது. ஞாயிறு காலைகளில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகுங்கள். நீங்கள் மலையில் ஓட்ட வேண்டாம். சமவெளியில் மதியம் ஒரு மணி நேரம் ஓட்டினாலே அவருக்கு அது பெரிய உதவி.


கரிக்கை:

தூக்கத்தைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் டயரைப் பற்றிச் சொல்கிறேன். இருபது வருடமாக வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன் நான். நீண்ட பயணத்தில் நின்று போய் என்னிடம் வரும் வண்டிகளில் இன்ஜின் பழுது குறைவு. டயர், பேட்டரி, கூலண்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) இந்த மூன்றும்தான் முக்கால்வாசி.

டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் ஓர் எழுத்து வரிசை இருக்கும். கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்த டயர். ஒரு பக்கத்தில் எண் முழுதாகத் தெரியவில்லை என்றால் சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருடம் ஆனால் பூ (சாலையைத் தொடும் பரப்பில் உள்ள வெட்டு வடிவம்) நன்றாக இருந்தாலும் கழற்றிப் போட வேண்டியதுதான், ரப்பர் உள்ளுக்குள் இறுகிப்போயிருக்கும். உங்களுடையது ஆறு வருடம். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா, எங்காவது வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பூ அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர்தான், மழையில் அந்த டயர் தண்ணீர் மேல் சறுக்கும். அந்த அளவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று டயரில் பார்க்காதீர்கள். அதில் போட்டிருப்பது அதிகபட்ச எல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆள் குறைவாக இருந்தால் ஓர் அளவு, ஐந்து பேரும் சாமானும் இருந்தால் வேறு அளவு போட்டிருப்பார்கள். நீங்கள் வைக்க வேண்டியது இரண்டாவது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்று டயர் ஆறியபின் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடாகும். அதோடு பாரமும் வெயிலும் வேகமும் சேரும்போதுதான் வெடிக்கிறது.

ஸ்டெப்னியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் கேட்கிறேன். மற்ற நான்கைவிட ஒல்லியாக இருந்தால் அது தற்காலிகச் சக்கரம். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, காற்றும் மற்றவற்றைவிட அதிகம், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கடையில் இயந்திரம் வைத்து இறுக்கிய நட்டைக் கையில் இருக்கும் சின்ன ஸ்பேனரால் கழற்ற முடிகிறதா என்பது அங்கே தெரிய வேண்டும், நடுவழியில் அல்ல.

சர்வீஸை இரண்டு வாரம் முன்பே விடுங்கள். முந்தைய நாள் விடாதீர்கள். என் தொழிலைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் உண்மை. நான் கடை வைக்கும் முன்பு என் சொந்த வண்டியை ஓரிடத்தில் ஆயில் மாற்றக் கொடுத்தேன். அடியில் உள்ள போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை. மறுநாள் 140 கிலோமீட்டர் போனதும் ஆயில் விளக்கு எரிந்தது. சர்வீஸ் ஆனபின் நாலு நாள் சாதாரணமாக ஓட்டினால் இதெல்லாம் வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

மலைக்குப் போகிறீர்கள் என்பதால் பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச்சேரக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். வேகத்தை இன்ஜின் பிடிக்கட்டும், பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல் விட்டு விட்டு அழுத்துங்கள். ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போனால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும்.

பேட்டரி அந்த ஆறு வருடப் பழையதே என்றால் பேசாமல் மாற்றிவிடுங்கள்.


இரவுப்பறவை:

எல்லோரும் இரவுப் பயணத்தை இப்படித் திட்ட வேண்டுமா? நான் பல வருடமாக இரவில்தான் போகிறேன். வெயில் இல்லை, நெரிசல் இல்லை.


தூரவழியான்:

பறவையாரே, கிளம்பும் முன் பகலில் தூங்குவீர்களா? மாற்றி ஓட்ட ஆள் உண்டா?


இரவுப்பறவை:

மதியம் ஐந்து மணி நேரம் நன்றாகத் தூங்குவேன். தம்பியும் நானும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி ஓட்டுவோம். சரி, புரிகிறது. அலுவலகத்திலிருந்து நேராக வந்து ஏறுவது வேறு விஷயம்தான். வாபஸ்.


நடுசீட்:

இன்னும் யாரும் மாமனாரைப் பற்றிப் பேசவில்லையே.

தோழி, என் மாமியாரோடு மூன்று நீண்ட பயணம் போனவள் நான். முதல் பயணத்தில் அவர் எதுவுமே கேட்கவில்லை, எவ்வளவு பொறுமை என்று வியந்துகொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மாலை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். விசாரித்தால், அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. பெரியவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள், வாய் திறந்து சொல்வதில்லை. அடுத்த பயணத்தில் ஒரு தந்திரம் செய்தேன். "எனக்கு இறங்க வேண்டும்" என்று நானே சொல்லி ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்த வைத்தேன். அவரும் கூடவே இறங்கினார். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்தும் கூடுகிறது. அதனால் இறங்கி நடப்பதும், காருக்குள் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவதும் அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் நல்லது.

இன்சுலினைக் கார் டேஷ்போர்டுப் பெட்டியில் வைக்காதீர்கள், பூட்டிய காரிலும் விடாதீர்கள். பிரிக்காதது 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது, ஐஸ்கட்டியை நேராகத் தொடாமல் துணி சுற்றி வையுங்கள். பயன்பாட்டில் உள்ளதை எந்தச் சூடு வரை, எத்தனை நாள் வைக்கலாம் என்று மருந்தின் தாளிலேயே போட்டிருக்கும். இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பையில் வைத்தால் ஒன்று தொலைந்தாலும் பிழைக்கலாம். மருத்துவர் சீட்டின் படம் போனில் இருக்கட்டும். சர்க்கரை இறங்கினால் கொடுக்க இனிப்பு ஏதாவது அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், டிக்கியில் அல்ல. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது என்பதையும் அந்த எக்ஸெல்லில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மகளின் வாந்திக்குக் காரணம் வயிறு இல்லை, கண்ணும் காதும் சண்டை போடுவது. காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது, புத்தகத்தையோ போனையோ பார்க்கும் கண் 'நிற்கிறோம்' என்கிறது. மலையில் திரையை அறவே எடுத்துவிடுங்கள். தொலைவில் தெரியும் மலைவிளிம்பைப் பார்க்கட்டும், ஜன்னல் சற்றுத் திறந்திருக்கட்டும், கதை கேட்கட்டும். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, வளைவு தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், குமட்டல் வந்தபின் பயனில்லை. வாய் இறுக்கிக் கட்டும் பை பத்து, ஈரத்துணி, ஒரு மாற்றுடை, இவற்றை முன்னிருக்கைக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். இரண்டு மாற்றுடை. அனுபவம் பேசுகிறது.

சின்னவன் அழுகிறான் என்று ஓடும் வண்டியில் இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைக்காதீர்கள். நிறுத்திவிட்டு எடுங்கள். "ஐந்தே நிமிடம்" என்று நிறுத்திய காரில் தனியாக விடவும் வேண்டாம், வெயிலில் பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும்.

94 பொருட்களா! ஒன்பது நாளுக்கு ஒன்பது உடை வேண்டாம், நாலு போதும், நடுவில் துவைக்கலாம். இரவு மட்டும் தங்கும் இடங்களுக்கு என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரே சின்னப் பை கட்டுங்கள். அதை மட்டும் இறக்கினால் போதும், டிக்கியைத் தினமும் காலி செய்ய வேண்டியதில்லை. கனமானவை அடியில், பின்சீட்டு முதுகை ஒட்டி. பின் கண்ணாடி ஓரம் எதையும் அடுக்காதீர்கள், அவசரமாகப் பிரேக் பிடித்தால் தண்ணீர் பாட்டில்கூட தலையில் வந்து மோதும்.

மேப்பை வீட்டிலேயே போனில் இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு போன் சிக்னல் தேவையில்லை, சாலைப் படத்துக்குத்தான் தேவை. மலையில் அந்த நீலப்புள்ளி மட்டும் வெள்ளைத் தாளில் நகர்ந்துகொண்டிருக்கும்.


பின்சீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அவர் முழுவதையும் இரண்டு முறை படித்தார். முதல் முறை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறை 24 மணி நேரக் கணக்கைத் தானே கூட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை என்ற வரியை அழித்தார். டார்ச்சோடு போய் டயர் எண்ணைப் படித்தோம். நான்கும் ஒரே மாதத்தில் செய்தவை, இரண்டில் பக்கவாட்டில் வெடிப்பு. நான்கையும் மாற்றிவிட்டோம். ஸ்டெப்னி 33 பிஎஸ்ஐ காட்ட வேண்டியது, 11 காட்டியது. ஆறு வருடமாக அதன் மேல் சாமானை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். வாசலில் சக்கரம் மாற்றியதில் கரிக்கை அண்ணா சொன்னபடியே நட்டு அசையவில்லை. நீண்ட கைப்பிடி உள்ள ஸ்பேனர் ஒன்று வாங்கியிருக்கிறோம்.

மூன்று ஞாயிறு நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டேன். முதல் ஞாயிறு கை வியர்த்தது, மூன்றாவதில் அவர் பக்கத்தில் தூங்கிவிட்டார். பாராட்டாக எடுத்துக்கொள்கிறேன். பட்டியல் 94லிருந்து 57க்கு இறங்கியிருக்கிறது. ஊர்களில் ஒன்றையும் அடித்துவிட்டோம், மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

நேற்று எல்லா மூட்டையையும் ஏற்றி, ஐந்து பேருமாக 120 கிலோமீட்டர் ஒத்திகை போய் வந்தோம். நடுசீட் தோழி சொன்னபடி முதல் நிறுத்தத்தை நான் கேட்டேன். அடுத்த மூன்றையும் மாமனாரே கேட்டுவிட்டார். எக்ஸெல்லில் இப்போது 'அப்பா' என்று ஒரு புதிய பத்தி இருக்கிறது, பச்சை நிறத்தில்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். புது டயர் போட்டபின் நட்டை மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்களே, எப்போது?


கரிக்கை:

50லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியபின். நேற்றே 120 ஓடிவிட்டீர்கள், இன்றே பாருங்கள்.